ஹப்பக் வருமுன்பே விழுந்த அடிக்கல்: கோலாலம்பூரை வரைந்தவர்கள்

கேள்வி இதுதான்: "டத்தாரான் மெர்டேகா எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை ஹப்பக் வடிவமைத்தார் என்கிறார் ஒரு வழிகாட்டி, நார்மன் என்கிறார் இன்னொருவர். எது சரி? கோலாலம்பூரையும் பினாங்கையும் உருவாக்கிய முக்கியமான கட்டடக் கலைஞர்கள், நகரத் திட்டமிடுநர்கள் யார் யார்? அவர்களில் தமிழர் உண்டா?"

முதல் கேள்விக்கு நாள்களே பதில் சொல்லிவிடும். அந்தக் கட்டடத்தின் அடிக்கல் 1894 அக்டோபரில் நடப்பட்டது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் தலைமை வரைவாளராக வந்து சேர்ந்தது 1895. அடிக்கல் விழுந்தபோது ஊரிலேயே இல்லாதவர் அதன் முதல் வரைபடத்தைப் போட்டிருக்க முடியாது. சுவர் எழும்பிய காலத்தில் சில நுணுக்கங்களில் அவர் கை பட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அப்போது சிலாங்கூரின் மாநிலப் பொறியாளர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், இலங்கையில் வேலை பார்த்துவிட்டு 1891-இல் இங்கு வந்தவர். அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன். நார்மன் முதலில் போட்டுக் கொடுத்தது ஐரோப்பியப் பழம்பாணிப் படம். ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்துப் பேச்சில் "முகமதிய பாணி" எனப்பட்டதையே அவர் கேட்டார். முகப்பை அந்தப் பாணியில் திருப்பி வரைந்து கொடுத்தவர் துறையில் இளையவரான ஆர். ஏ. ஜே. பிட்வெல். 1895-இல் அவர் சிங்கப்பூருக்குப் போய் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தில் சேர்ந்தார். ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடம் அவர் வரைந்தது. கோலாலம்பூர்க் கட்டடம் 1897 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முடிவு ஸ்பூனருடையது, கோடு பிட்வெல்லுடையது, பதவிப் பெயர் நார்மனுடையது. புகழ் மட்டும் ஹப்பக்குக்குப் போய்விட்டது.

அதற்கும் காரணம் உண்டு. அதே வட்டாரத்தில் பின்னால் வந்த மஸ்ஜிட் ஜாமேக் (1909), ரயில் நிலையம் (1910), நிலையத்தின் எதிரே உள்ள ரயில்வே தலைமையகம் (1917) எல்லாமே ஹப்பக்கின் வேலை. பாணி ஒன்றாக இருப்பதால் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஈப்போ ரயில் நிலையமும் கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலும் அவருடையவைதான். மனிதர் முதல் உலகப் போரில் பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தவர். அவருடைய தம்பி தியோடர் ஹப்பக், இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்காவுக்காகப் பல ஆண்டுகள் போராடியவர். அண்ணனைவிடத் தம்பி செய்ததே பெரிய காரியம் என்று வாதாடுபவர்களும் உண்டு.

பழைய அரசாங்கக் கட்டடம் எதுவானாலும் நாலு ஆண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்: படம் போட்ட ஆண்டு, அடிக்கல், திறப்பு, பெயர் மாற்றம். பெரும்பாலான தவறுகள் இவற்றைக் குழப்புவதால் வருகின்றன. சுல்தான் அப்துல் சமாட் என்ற பெயரே இந்தக் கட்டடத்துக்கு 1974-இல் வந்தது. அதற்கு முன் அது வெறும் "அரசாங்க அலுவலகங்கள்". பழைய பதிவேட்டில் இன்றைய பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

பாணியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்றத்தையோ (1892) எழும்பூர் நிலையத்தையோ பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டடங்கள் அன்னியமாகத் தெரியாது. சென்னையில் கட்டடக் கலைஞர்கள் சிஷோமும் இர்வினும் வளர்த்த இந்தோ-சாரசெனிக் பாணி கடல் தாண்டி வந்த உருவம் இது. சிவப்புச் செங்கல்லுக்கு இடையே வெள்ளைக் காரைப் பட்டை, குதிரை லாட வளைவு, கூரை விளிம்பில் சின்னச் சின்ன மண்டபம் போன்ற சத்ரிகள், வெங்காயக் குவிமாடம். மலாய்க்காரர்களின் பரம்பரைக் கட்டடமோ மரத்தால் ஆனது, தூண் மேல் நிற்பது, கூரை அடுக்கடுக்காகச் சரிவது. முஸ்லிம் நாடு என்றால் வட இந்தியக் குவிமாடம் போதும் என்று ஆங்கிலேய அதிகாரிகள் நினைத்தது ஒரு சோம்பேறித்தனமான ஊகம் என்பது என் கருத்து. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: இந்த வெயிலுக்கும் மழைக்கும் வளைவு வைத்த ஆழமான தாழ்வாரம் நன்றாகவே ஈடுகொடுக்கிறது.

இதுவரை சொன்னது முகப்புகளை வரைந்தவர்கள் கதை. நகரத்தின் உடம்பைத் தீர்மானித்தவர்கள் வேறு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டடக் கலைஞர்களே அல்ல.

1881-இன் தொடக்கத்தில் கோலாலம்பூர் தீக்கிரையானது. மரச்சட்டமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற ஈயச் சுரங்க ஊர், ஒரு விளக்கு சரிந்தால் போதும். அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடென்ட் (ஆங்கிலேய ஆலோசக அதிகாரி) ஆன ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்ட வேண்டும் என்று விதித்தார். 1884-இல் அது ஒழுங்குவிதியானது. தெருக்களும் அகலப்பட்டன. அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? சீனச் சமூகத் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே சூளை போட்டார். அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். இன்று நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் இடத்தின் பெயரிலேயே அந்தத் தீ விபத்து ஒளிந்திருக்கிறது.

அஞ்சடியும் இப்படி வந்ததுதான். கடைக்கு முன்னால், மாடி அறைக்குக் கீழே, தெரு நெடுக ஓடும் மூடிய நடைபாதை. மலாயில் காக்கி லீமா. இதன் மூலம் 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரக் குழுவுக்கு எழுதிய கட்டளை: ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குறிப்பிட்ட ஆழத்தில் தாழ்வாரம் விட வேண்டும், அது எந்நேரமும் திறந்த, தொடர்ச்சியான நடைவழியாக இருக்க வேண்டும். நகர வரைபடம் போட்டவர் லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன். அந்த வழக்கம் நீரிணைக் குடியேற்றங்களிலும் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்), பின்னர் மலாய் மாநிலங்களிலும் பரவியது.

இந்த விதியில் ஒரு சிக்கல் உள்ளே பொதிந்திருக்கிறது. நிலம் கடைக்காரருடையது, வழியுரிமை பொதுமக்களுடையது. கடைக்காரர் சாமான் அடுக்கினால் வழி அடைபடும், அதிகாரி அகற்றினால் கடைக்காரர் கொதிப்பார். 1888-இல் சிங்கப்பூரில் இதற்காகக் கலவரமே நடந்தது. இன்றும் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலோ ஜோர்ஜ்டவுன் சூலியா தெருவிலோ நடந்து பாருங்கள்: ஒரு கடையின் அஞ்சடித் தளம் உயரம், அடுத்தது தாழ்வு, மூன்றாவதில் மேசை நாற்காலி. ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் துண்டுக்குத் தனியாகத் தளம் போட்டதன் விளைவு.

கடைவீட்டின் அளவும் ஒரு கலைஞரின் விருப்பத்தால் வந்ததல்ல. அகலம் பெரும்பாலும் 18 முதல் 22 அடி. பொதுச்சுவரிலிருந்து பொதுச்சுவருக்கு இடையில் தூணில்லாமல் போகக்கூடிய மர உத்தரத்தின் நீளம் அதுதான். நீளம் 100 அடியைத் தாண்டும். நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நம் ஊர் முற்றம் போல ஒரு திறப்பு. இந்த அமைப்பைப் புரியாமல் கைவைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முற்றத்தைத் தகரம் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கும், உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த முனை முதலில் உளுக்கும். முனை மறைந்திருப்பதால் தளம் தொய்யும்வரை தெரியாது. பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே ஆவியாக முடியாமல் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்கும். ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு என்று குழைத்து, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு மூன்று முறை பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பதே இதற்குச் சரி. மினுமினுக்கும் அக்ரிலிக் பெயிண்ட் சிமெண்ட் செய்யும் கெடுதலையே மெதுவாகச் செய்யும். வரிசையின் நடுவில் ஒரு வீட்டை இடித்தால் இரு பக்கத்துப் பொதுச்சுவரும் தாங்கலை இழக்கும். அதனால் இடிக்கும் முன்பே முட்டுக் கொடுக்க வேண்டும், இடித்த பிறகல்ல.

இனி பினாங்கு. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிக் காட்டை வெட்டி வைத்த கட்டம் மிகச் சின்னது: லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, இன்று ஜாலான் மஸ்ஜிட் காப்பித்தான் கெலிங் எனப்படும் பிட் தெரு. இந்த நான்குக்குள் அடங்கிய சதுரம்தான் ஜோர்ஜ்டவுனின் விதை. லைட் திட்டமிடுநர் அல்ல, வணிகம் செய்த கப்பல்காரர். இருந்தும் எந்தச் சமூகம் எங்கே என்று அப்போது விழுந்த கோடு இன்றும் அழியவில்லை. நாகூர் தர்காவும் காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மகாமாரியம்மன் கோயிலும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து நிற்பது அதனால்தான். பள்ளிவாசல் 1801-இல் காதர் முகைதீன் நிறுவியது. இன்று காணும் தோற்றம் 1916-இல் எச். ஏ. நியூப்ரோனர் திருத்தி அமைத்தது. இங்கும் "யார் கட்டியது" என்ற கேள்விக்கு இரண்டு பதில். அதே தெருவின் தலைமாட்டில் உள்ள செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் (1818) படைப் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் வடிவம். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள்.

லைட்டின் மகன் வில்லியம் லைட், கெடாவில் பிறந்தவர். இவர்தான் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தை வரைந்த கர்னல் லைட். 1837-இல் ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் 1,042 மனைகளை அளந்து முடித்தார்: ஆற்றுக்குத் தெற்கே 700, வடக்கே 342. நகரத்தைச் சுற்றி முழுவதும் பூங்கா நிலம். அப்பாவின் ஊர் பூங்காவுக்கு இடம் விடாமல் கடலோரம் நெருக்கியடித்து வளர்ந்தது, மகனின் ஊர் பச்சை வளையத்துக்குள் அடங்கியது.

அதே அடிலெய்டில், 1917-இல் ஒரு தோட்டப் புறநகரை வரைந்தவர் சார்ல்ஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர். அந்தப் புறநகருக்குப் பின்னாளில் கர்னல் லைட் கார்டன்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். இந்த ரீட் 1921-இல் கோலாலம்பூருக்கு வந்து, மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் அரசாங்க நகரத் திட்டமிடுநர் ஆனார். பினாங்குக்காரரின் மகனுடைய பெயர் தாங்கிய இடத்தை வரைந்தவர், சுற்றிவந்து நம் தலைநகரத்தைத் திட்டமிட வந்தார்! 1923-இல் அவர் முயற்சியால் நகரத் திட்டச் சட்டம் வந்தது. எந்தப் பகுதியில் எது கட்டலாம், சாலை எவ்வளவு அகலம், மனையை எப்படிப் பிரிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. நில உடைமையாளர்களுக்கு அது கசந்தது. 1920-கள் முடிவதற்குள் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ரீட் ஆப்பிரிக்காவுக்குப் போய் 1933-இல் இறந்தார். கோலாலம்பூரில் அவருக்குச் சிலையும் இல்லை, வழிகாட்டிகள் வாயில் பெயரும் இல்லை. ஆனால் இன்று நீங்கள் ஒரு மனையில் எத்தனை மாடி கட்டலாம் என்று கேட்கப் போனால், அந்தக் கேள்வியை இங்கே முதலில் சட்டமாக எழுதியவர் அவர்தான். இப்போது அதற்கு இரண்டு சட்டங்கள்: பெட்டாலிங் ஜெயாவும் பினாங்கும் உட்படத் தீபகற்பத்தின் மற்ற இடங்களுக்கு 1976-இன் 172-ஆம் சட்டம், கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனியாக 1982-இன் 267-ஆம் சட்டம். ஒரே சாலையில் எல்லைக் கல்லைத் தாண்டினால் சட்டமும் அலுவலகமும் மாறும். புத்ராஜெயாவுக்கும் லபுவானுக்கும் கணக்கு வேறு, அதை விட்டுவிடுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்கள் பட்டியல் பரவலாகத் தெரிந்ததே, விரைவாகச் சொல்கிறேன். மெர்டேகா அரங்கம் (1957) ஸ்டான்லி ஜியூக்ஸ். நாடாளுமன்றம் (1963) ஐவர் ஷிப்லி. முகப்பில் அடுக்கிய காங்கிரீட் வெயில்தடுப்புதான் அதன் உயிர். மஸ்ஜிட் நெகாரா (1965) ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பகாருடின் அபு காசிம் மூவரும். குவிமாடத்துக்குப் பதில் மடித்த குடை போன்ற காங்கிரீட் கூரை, அதாவது ஹப்பக் காலத்து ஊகத்துக்கு மறுப்பு. தாபோங் ஹாஜி கட்டடமும் மேபேங்க் கோபுரமும் ஹிஜாஸ் கஸ்தூரி. பினாங்கின் கொம்தார் கோபுரம் லிம் சோங் கியட், அன்றைய முதலமைச்சரின் தம்பி. பழைய கடைவீட்டு வரிசைகளை அகற்றிவிட்டு 65 மாடி எழுப்பியது சரியா என்ற சண்டை ஜோர்ஜ்டவுனில் இன்னும் ஓயவில்லை. பினாங்கில் பிறந்த கென் யாங், சுபாங் ஜெயாவில் மெனாரா மெசினியாகாவை (1992) கட்டினார். அதில் படிக்கட்டுக்கும் கழிவறைக்கும் இயற்கைக் காற்றும் வெளிச்சமும் வரும், கிழக்கிலும் மேற்கிலும் வெயில்மறைப்பு, மாடி மாடியாகச் சுற்றி ஏறும் தோட்டம். இந்த வெப்பத்தில் கண்ணாடிப் பெட்டி கட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டடம் அது.

பெட்ரோனாஸ் கோபுரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சீசர் பெல்லி வரைந்த தரைப்படம் எளிது: இரண்டு சதுரங்கள் குறுக்கே வைத்தால் எட்டு முனை நட்சத்திரம். உள் மூலைகளில் அரைவட்டங்களைச் சேர்த்துத் தளத்தின் பரப்பைக் கூட்டினார். உயரம் 451.9 மீட்டர், 88 மாடி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது நிலத்தடி. அங்கே சுண்ணாம்புப் பாறை, அதில் குகைகள். முதலில் குறித்த இடத்தில் அடித்தளத்தின் ஒரு பாதி பாறையிலும் மறு பாதி மக்கிய மண்ணிலும் விழும் நிலை. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால் கோபுரம் சாயும். அதனால் இடத்தையே 60 மீட்டர் நகர்த்தினார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 தூண்கள், 60 முதல் 114 மீட்டர் ஆழம் வரை. அவை பாறையில் ஊன்றி நிற்கவில்லை, மண்ணின் உராய்வுப் பிடிப்பில் நிற்கின்றன. அதன்மேல் 13,200 கன மீட்டர் காங்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் பழைய காங்கிரீட் இறுகிவிடும், புதியது ஒட்டாமல் இணைப்பு பலவீனமாகும். இந்த முடிவுகளை எடுத்தவர்கள் பொறியாளர்கள். வெளியே தெரியும் பெயர் பெல்லி.

கடைசிக் கேள்வி, தமிழர் உண்டா என்பது. காலனிக் காலப் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் வரைவாளர், மேற்பார்வையாளர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறையப் பேர், தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். கட்டடக் கலைஞர் என்ற பதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டுவித்தவர் என்றால் 1873-இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையைச் சொல்ல வேண்டும். 1885-இல் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு வந்த அந்தக் கோயிலின் 75 அடிக் கோபுரம் 1968-இல் எழுந்தது. சுற்றியுள்ள கடைவீடுகள் தெரு விதிக்கு அடங்கி நிற்க, கோபுரம் மட்டும் ஆகம அளவைப் பின்பற்றி மேலே போகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று சிற்பியின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் படத்துக்கு மை போட்டவன் பெயரை யாரும் எங்கேயும் வெட்டவில்லை.

அந்தப் பெயர்களைத் தேட விரும்பினால் போக வேண்டிய இடம் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. கட்டடத்தின் இன்றைய பெயரில் தேடாதீர்கள். "அரசாங்க அலுவலகங்கள்" என்ற பழைய பெயர், பொதுப்பணித் துறை, 1893 முதல் 1897 என்று வைத்துத் தொடங்குங்கள்.